ஃப்ரீ சாம்பிள் தேடறவங்களுக்கு: எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு டீசர் வீடியோ பண்ணோம். மொத்தமே 48 நொடிதான். கேமரா ஒருத்தன், எடிட்டிங் ஒருத்தன், பீட் நான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து பண்ணின பீட் அது. நடுவுல ஒரு பறை லூப் வரும். அந்த வீடியோவுக்கு உயிரே அதுதான். "நோ காப்பிரைட்"னு தலைப்பு போட்டிருந்த ஏதோ ஒரு வீடியோவிலிருந்து எடுத்த லூப்.

காலையில ஏத்தினோம். மதியம் பார்த்தா வீடியோ ஓடுது, சத்தம் இல்ல. காப்பிரைட் க்ளெய்ம். தோண்டிப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, அந்த லூப் ஒரு சினிமா பாட்டோட தொடக்கத்தை யாரோ வெட்டிப் போட்டது. "நோ காப்பிரைட்"னு எழுதினவருக்கு அது சொந்தமே இல்ல. தனக்குச் சொந்தமில்லாததை அவர் தானம் பண்ணியிருக்கார், நானும் வாங்கிட்டு வந்திருக்கேன்.

அதுக்கப்புறம் ஒரு செமஸ்டர் முழுக்க இந்த "ஃப்ரீ" விஷயத்தைப் படிச்சேன். கத்துக்கிட்டதை வரிசையா எழுதறேன். நான் பயன்படுத்துறது எல்எம்எம்எஸ். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடும். நீங்க வேற சாஃப்ட்வேர் வச்சிருந்தாலும் பட்டன் இருக்கிற இடம்தான் மாறும், விஷயம் ஒண்ணுதான்.

முதல்ல: உங்களுக்கு எது வேணும்?

"சாம்பிள்"னு பொதுவா சொல்றோம். ஆனா தேடும்போது மூணையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

ஒன்-ஷாட்: ஒரே ஒரு அடி. ஒரு கிக், ஒரு கைத்தட்டல், மிருதங்கத்துல ஒரு "தொம்". இதை வச்சு தாளத்தை நீங்களே கட்டணும். வேலை அதிகம், ஆனா வர்றது முழுக்க உங்க தாளம்.

லூப்: யாரோ ஏற்கெனவே வாசிச்ச ரெண்டு அல்லது நாலு பார். சுழல விட்டா போதும். வேலை கம்மி, ஆனா அதே லூப்பை இன்னும் ஆயிரம் பேர் சுழல விட்டிருப்பாங்க.

சவுண்ட்ஃபான்ட்: ஒரு வாத்தியத்தோட பல ஸ்வரங்களைப் பதிவு பண்ணி ஒரே ஃபைலா கட்டினது. எழுத்துக்கு ஃபான்ட் மாதிரி சத்தத்துக்கு இது. பியானோ, வயலின், புல்லாங்குழல் எல்லாம் நீங்க எழுதற நோட்டுக்கு ஏத்தபடி வாசிக்கும். எல்எம்எம்எஸ்ல எஸ்எஃப்2 ப்ளேயர்ல திறக்கலாம்.

ஆரம்பிக்கிறவங்க நேரா லூப் பக்கம்தான் போவோம். நானும் போனேன். என் அனுபவத்துல, 30 நல்ல ஒன்-ஷாட் வச்சிருக்கிறவன் 3 ஜிபி லூப் வச்சிருக்கிறவனை விட சீக்கிரம் கத்துக்குவான்.

"ஃப்ரீ" என்பது ஒரு வார்த்தை இல்ல

கோயில்ல பிரசாதம் ஃப்ரீ. பக்கத்து வீட்டு மாமரமும் எட்டிப் பறிச்சா ஃப்ரீதான். ரெண்டும் ஒண்ணா? காசு கேட்காம கிடைக்கிறது வேற, எடுத்துக்கோன்னு அனுமதி கொடுத்திருக்கிறது வேற. நமக்கு வேண்டியது ரெண்டாவது. அந்த அனுமதிக்குப் பேர்தான் லைசென்ஸ்.

நாம அதிகம் பார்க்கிறது கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்கள். சுருக்கமா:

சிசி ஜீரோ: பதிவு பண்ணினவர் தன் உரிமையை விட்டுக் கொடுத்துட்டார். எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம், பேர் போடணும்னு கட்டாயம் இல்ல. பேர் போட்டா யாரும் அடிக்க மாட்டாங்க, போடுங்க.

சிசி பை: பயன்படுத்தலாம், விற்கலாம், ஆனா பேர் சொல்லியே ஆகணும். "நன்றி: இணையம்"னு போடறது பேர் சொல்றது ஆகாது. யாருடைய பதிவு, பதிவோட தலைப்பு, எந்த லைசென்ஸ், நீங்க என்ன மாத்தினீங்க, இது நாலும் வேணும்.

சிசி பை-என்சி: பேரும் சொல்லணும், வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. காலேஜ் ஸ்கிட்டுக்குச் சரி. அதே பீட்டை விளம்பர வருமானம் வர்ற சேனல்ல போட்டாலோ, குறும்படக்காரர்கிட்ட காசு வாங்கிக்கிட்டு கொடுத்தாலோ சிக்கல்.

என்டி என்ற எழுத்து எங்கயாவது இருந்தா, அதை மாத்தி வெளியிட அனுமதி இல்லைன்னு அர்த்தம். பீட் பண்றதே மாத்தற வேலைதான், அதனால அது நமக்கு உதவாது.

"ராயல்டி ஃப்ரீ" என்பது இதெல்லாம் இல்ல. ஒரு தடவை காசு கட்டினா, அதுக்கப்புறம் ஒவ்வொரு விற்பனைக்கும் பங்கு தர வேண்டாம்னு மட்டும்தான் அர்த்தம். இலவசமாவும் இருக்கலாம், ஆயிரக்கணக்குல விலையாவும் இருக்கலாம்.

இனி ஹாஸ்டல்ல உலவற மூணு கட்டுக்கதை. "5 நொடிக்குக் கீழ எடுத்தா பிரச்சினை இல்ல." அப்படி ஒரு கணக்கு நம்ம சட்டத்துல கிடையாது. "பிட்ச் மாத்திட்டா கண்டுபிடிக்க முடியாது." கண்டுபிடிக்கிற மென்பொருளும் வளர்ந்துட்டே இருக்கு, அதோட கண்டுபிடிக்காட்டியும் அது அனுமதி ஆகாது. "பழைய பாட்டு தானே." இதுல பாதி உண்மை. 1957 காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் உரிமை. ஆனா மெட்டுக்கும் வரிக்கும் கணக்கு தனி. எழுதினவர், இசையமைச்சவர் இறந்ததுக்கு அப்புறமும் 60 வருஷம். அதனால ரெக்கார்டு பழசா இருந்தாலும் பாட்டு இன்னும் உரிமைக்குள்ளேயே இருக்கலாம். ஒரு பாட்டுல குறைஞ்சது ரெண்டு பூட்டு இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

ஆறு நொடி வாசிச்ச ஒருத்தர்

லைசென்ஸ் பத்திப் பேசினா "விடு மச்சி, பெரிய கம்பெனிக்காரன் நஷ்டப்பட்டா நமக்கென்ன"ன்னு ஒரு பதில் வரும். அதுக்காக ஒரு கதை.

1969-ல அமெரிக்காவுல தி வின்ஸ்டன்ஸ்னு ஒரு குழு ஒரு இசைத்தட்டு வெளியிட்டாங்க. அதோட பின்பக்கத்துல "ஆமென், பிரதர்"னு ஒரு டிராக். நடுவுல மத்த வாத்தியம் எல்லாம் நின்னு, டிரம்ஸ் மட்டும் சுமார் ஆறு நொடி ஓடும். வாசிச்சவர் கிரிகரி கோல்மேன். 80-களில் சாம்ப்ளர் மெஷின் வந்தப்போ யாரோ அந்த ஆறு நொடியை வெட்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் ஹிப்ஹாப்ல ஆயிரக்கணக்கான பாட்டு, ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ்னு முழு இசை வகைகளே அது மேல நின்னுச்சு. "ஆமென் பிரேக்"னு தேடினா இன்னிக்கும் நூறு பேக் கிடைக்கும்.

கோல்மேனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரல. 2006-ல, வீடு இல்லாத நிலையில இறந்து போனார். உலகத்துல அதிகம் கேட்கப்பட்ட டிரம் அடிகளில் ஒண்ணு அவருடையது.

இங்க நஷ்டப்பட்டது கம்பெனி இல்ல. வாசிச்ச கை. நான் என் பறை லூப்பைத் திரும்ப நினைச்சுப் பார்த்தேன். சினிமா கம்பெனி க்ளெய்ம் போட்டாங்க, சரி. அந்தப் பாட்டுல பறை அடிச்சது யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

எங்கே தேடலாம்

ஃப்ரீசவுண்ட். முதல் இடம் இதுக்குத்தான். 2005-ல பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோட இசைத் தொழில்நுட்பக் குழு தொடங்கினது. உலகம் முழுக்க ஆளுங்க தாங்களே பதிவு பண்ணினதை ஏத்தறாங்க. மேல சொன்ன மூணு லைசென்ஸ்தான் இதுல முக்கியம். கணக்கு தொடங்கினாதான் டவுன்லோடு ஆகும், கணக்கு இலவசம். தேடும்போது மூணு பழக்கம் வச்சுக்கோங்க. ஒண்ணு, ஓரத்துல இருக்கிற ஃபில்டர்ல முதல்லயே லைசென்ஸைத் தேர்ந்தெடுங்க. ரெண்டு, ஒன்-ஷாட் வேணும்னா நீளத்தை 2 நொடிக்குள்ள சுருக்குங்க. மூணு, கேட்டுப் பார்க்க ஓடற முன்னோட்டத்தை ரெக்கார்டு பண்ணி எடுக்காதீங்க. அது சுருக்கப்பட்ட தரம். உண்மையான ஃபைலை இறக்குங்க.

மிருதங்கம் வேணும்னா அங்கயே ஒரு புதையல் இருக்கு. அதே குழு, சேவியர் செர்ரா தலைமையில, காம்ப்மியூசிக்னு ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடத்தினாங்க. கர்நாடக சங்கீதத்தைக் கம்ப்யூட்டர் எப்படிப் புரிஞ்சுக்கும்னு பார்க்கிற வேலை, நம்ம ஐஐடி மெட்ராஸும் அதுல பங்கு. அந்தத் திட்டத்தையொட்டி, மிருதங்கக் கலைஞர் அக்ஷய் அனந்தபத்மநாபன் பதிவு பண்ணின ஒரு தொகுப்பு இருக்கு: 7,162 தனித்தனி அடிகள், 10 வகைச் சொல், 6 வேற வேற ஸ்ருதி. எதிரொலி ரொம்பக் குறைவா இருக்கிற அறையில எடுத்தது, அதனால உங்க பீட்ல நீங்க விரும்பின ரிவெர்ப் போட்டுக்கலாம். ஆராய்ச்சிக்குன்னு எடுத்ததுதான், ஆனா ஹாஸ்டல் பீட்டுக்கும் அற்புதமா உட்காருது. எடுக்கும்போது அந்தப் பக்கத்துல எழுதியிருக்கிற லைசென்ஸைப் படிச்சுட்டு எடுங்க, பேரைக் கண்டிப்பா போடுங்க.

ஐயோவா பல்கலைக்கழகம். மேற்கத்திய வாத்தியங்களை ஸ்வரம் ஸ்வரமா பதிவு பண்ணி 1997-ல இருந்து கட்டுப்பாடு இல்லாம கொடுத்துட்டு இருக்காங்க. செல்லோ, ஓபோ, ட்ரம்பெட் வேணும்னா இங்க போங்க.

பிபிசி சவுண்ட் எஃபெக்ட்ஸ். 2018-ல 16,000 ஒலிகளைத் திறந்து விட்டாங்க, அதுக்கப்புறம் இன்னும் சேர்த்தாங்க. சந்தை, ரயில், மழை, பறவை எல்லாம் இருக்கும். ஆனா சொந்த உபயோகம், படிப்பு, ஆராய்ச்சி இவ்வளவுக்குத்தான் இலவச அனுமதி. காசு வர்ற வேலைக்குத் தனி லைசென்ஸ் வாங்கணும்.

லூப்பர்மேன். பேருக்கேத்த மாதிரி லூப் நிறைய. பீட்டுக்குள்ள வச்சுப் பயன்படுத்தலாம், லூப்பை அப்படியே தனியா விற்கவோ பகிரவோ கூடாது. பாடின குரல்களுக்கு விதி தனி, அதைப் படிக்காம தொடாதீங்க.

சவுண்ட்ஃபான்ட் வேணும்னா ஃப்ளூயிட் ஆர்3, ஜெனரல்யூசர் ஜிஎஸ் ரெண்டும் போதும். ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு மேல வாத்தியம்.

எந்த இடத்துல எடுத்தாலும், எடுத்த அன்னிக்கே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வைங்க: ஃபைல் பேர், யாருடையது, எங்கே எடுத்தது, எந்த லைசென்ஸ், தேதி. ஒரு வரிக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஆறு மாசம் கழிச்சு "இந்த ஸ்னேர் எங்கே எடுத்தேன்"னு தேடினா அரை நாள் போகும், கிடைக்கவும் கிடைக்காது.

எடுத்ததை பீட்டுக்குள்ள வைக்கிறது

கொஞ்சம் கணக்கு. நாம இன்ஜினியரிங் பசங்க, பயப்பட வேண்டாம்.

ஃபைல் வகை: வேவ், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் இருந்தா போதும். ஒரு நொடி மோனோ சுமார் 88 கேபி. ஸ்டீரியோவா ஒரு நிமிஷம் சுமார் 10 எம்பி. ஒன்-ஷாட் எல்லாம் ஒரு நொடி, ரெண்டு நொடிதான், அதனால டேட்டா பேக் தீராது. எம்பி3-யில் ஃபைலோட தொடக்கத்துல துளி மௌனம் சேர்ந்துடும், அடி தாளத்துல உட்காராம லேட்டா விழும், லூப் சுழலும்போது விக்கும்.

டெம்போ: லூப்போட பிபிஎம் தெரியலைன்னா, அடிகளை எண்ணி 60-ஆல் பெருக்கி, நொடியால் வகுங்க. 8 அடி 4.8 நொடியில் ஓடினா 100 பிபிஎம். எல்எம்எம்எஸ் திறந்த உடனே 140-ல நிக்கும். 100 லூப்பை அப்படியே போட்டா ரெண்டும் சண்டை போடும். ப்ராஜெக்ட் டெம்போவை லூப்புக்கு மாத்தறது சுலபம். லூப்பைத்தான் மாத்தணும்னா ஆடாசிட்டியில "சேஞ்ச் டெம்போ" போடுங்க, பிட்ச் மாறாது. 10 சதவீதத்துக்கு மேல இழுத்தா தோல் சத்தம் ரப்பர் சத்தம் ஆகிடும்.

ஸ்ருதி: ஒரு சாம்பிளை மேல் ஸ்வரத்துல வாசிச்சா சாஃப்ட்வேர் அதை வேகமா ஓட்டுது, அவ்வளவுதான். 12 செமிடோன் ஏத்தினா ரெண்டு மடங்கு வேகம். 4 செமிடோன் ஏத்தினா 1.26 மடங்கு. அடி சுருங்கி, மிருதங்கம் பொம்மை மிருதங்கம் மாதிரி கேட்கும். அந்த 7,162 அடித் தொகுப்பை ஆறு ஸ்ருதியில பதிவு பண்ணினதோட அருமை இங்கதான் புரியும். பாட்டு ரெண்டு கட்டையில இருந்தா டி ஸ்ருதி அடிகளை எடுங்க, ஒரு கட்டைன்னா சி. இழுக்கவே தேவையில்ல.

தாளம்: எல்எம்எம்எஸ் பீட் எடிட்டர்ல ஒரு பாருக்கு 16 கட்டம் வரும். அது 4/4. நாம எல்லாரும் அந்த 16 கட்டத்துக்குள்ளேயே வாழ்ந்து செத்துப் போறோம். மேல டைம் சிக்னேச்சர்ல 7/8 போட்டுப் பாருங்க, 14 கட்டம் ஆகும். மிஸ்ர சாபு வந்தாச்சு. 5/8 போட்டா 10 கட்டம், கண்ட சாபு. 6/8 போட்டா 12 கட்டம், நம்ம ஊர்த் திருவிழா நடை அங்கதான் இருக்கு. புது சாம்பிள் ஒண்ணும் இறக்காமலே பீட் புதுசாகும்.

இன்னொண்ணு: ப்ராஜெக்ட் ஃபைல்ல சாம்பிள் இருக்காது, சாம்பிள் இருக்கிற இடம் மட்டும்தான் எழுதியிருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் பண்ணின அன்னிக்கு உங்க பீட்டும் ஊமை ஆகும். எல்லா சாம்பிளையும் ஒரே ஃபோல்டர்ல வச்சு, அங்கிருந்தே பயன்படுத்துங்க.

தேடியும் கிடைக்காத சத்தம்

இவ்வளவு இடமும் தேடினதுக்கு அப்புறம் ஒரு நாள் ஃப்ரீசவுண்ட்ல "பம்பை"ன்னு ஆங்கில எழுத்துல அடிச்சேன். எனக்கு வேண்டியது வரல. பறைக்கும் முகவீணைக்கும் கதை கிட்டத்தட்ட அதேதான். "இந்தியன் பெர்கஷன்" பேக் எது எடுத்தாலும் தபலா, தோலக், திரும்பத் திரும்ப அதே தபலா.

எங்க ஊர் சீயமங்கலம், செஞ்சிக்குப் போக வர இருக்கிற பக்கம். அங்க சத்தத்துக்கா பஞ்சம்? பங்குனி தொடங்கினா ஆனி வரைக்கும் சுத்துப்பட்டு கிராமத்துல எங்கயாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடக்கும். பகல்ல பாரதச் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து, கடைசி நாள் தீமிதி. செஞ்சி பக்கத்துல இருக்கிற மேலச்சேரி கோயிலைத்தான் திரௌபதி அம்மனுக்கு மூலக் கோயில்னு சொல்வாங்க. ஆல்ஃப் ஹில்டபைடல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் இதை ஆராய்ச்சி பண்ணி 1988-ல வெளியிட்ட புத்தகத்தோட தலைப்புலேயே செஞ்சி இருக்கு. இவ்வளவு பெரிய இடம், ஆனா என் பீட் சாஃப்ட்வேர்ல இந்த ஊரோட ஒரு அடிகூட இல்ல.

எங்க ஊர்க் குகைக்கோயில் 7-ஆம் நூற்றாண்டுல மகேந்திரவர்மன் குடைஞ்சது. அங்க ஒரு தூண்ல சிவன் ஆடற சிற்பம் இருக்கு, சின்னதுதான். அவர் பக்கத்துல ஒரு கணம் உட்கார்ந்து மேளம் வாசிக்கும். சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன், ஆடறவரைத்தான் பார்த்திருக்கேன். ஆமென் பிரேக் கதை படிச்சதுக்கு அப்புறம் போனப்போதான் மேளக்காரர் கண்ணுல பட்டார். ஆடறவரைச் செதுக்கினவர், வாசிக்கிறவரை விட்டுட்டுப் போகல.

இல்லாத சாம்பிளுக்கு ஒரே வழி, நாமே பதிவு பண்றது. இது புதுசும் இல்ல. லண்டன் ஈழத்தமிழ்ப் பொண்ணு எம்.ஐ.ஏ. 2007-ல "கலா"ன்னு ஒரு ஆல்பம் வெளியிட்டாங்க. அதுல ஒரு பாட்டுல "தளபதி" படத்தோட "காட்டுக்குயிலு" சாம்பிள் வரும், எழுதினவங்க பட்டியல்ல இளையராஜா பேரும் இருக்கும். அதே ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உருமி வாசிக்கிறவங்களை நேராவே பதிவு பண்ணினாங்க. எடுத்தா பேர் போட்டு எடு, இல்லைன்னா வாசிக்கிறவங்க முன்னாடி போய் நில்லு. ரெண்டு நேர்வழியும் ஒரே ஆல்பத்துல இருக்கு.

போன் வச்சே பதிவு பண்றது எப்படி

ஆப்: மெசேஜ் ஆப்ல இருக்கிற வாய்ஸ் நோட் வேண்டாம். அது பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது, மேளத்தை "இரைச்சல்"னு நினைச்சு அமுக்கும். வேவ் ஃபைலா சேமிக்கிற ரெக்கார்டர் ஆப் ஒண்ணு போடுங்க. தானா சத்தத்தைச் சரி பண்ற வசதி, இரைச்சல் நீக்கற வசதி இருந்தா அணைச்சிடுங்க.

தூரம்: பறை, பம்பை எல்லாம் காதைக் கிழிக்கும். போனைப் பக்கத்துல வச்சா அலையோட தலை வெட்டுப்பட்டு கரகரன்னு ஆகும், அதை எந்த சாஃப்ட்வேரும் முழுசா சரி பண்ணாது. ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வைங்க. மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் இருக்கட்டும்.

இடம்: திருவிழா நடுவுல எடுத்தா ஸ்பீக்கர், வெடி, குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்து வரும். அது ஞாபகத்துக்கு நல்லது, சாம்பிளுக்கு உதவாது. வேற நாள்ல, திறந்த வெளியில, காத்து கம்மியா இருக்கிற நேரத்துல எடுங்க. வீட்டுக்குள்ளன்னா ஃபேனை அணைங்க.

எதை எடுக்கணும்: ஒவ்வொரு அடியையும் மெதுவா, நடுத்தரமா, பலமா, ஒவ்வொண்ணும் நாலு தடவை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வச்சா மெஷின் துப்பாக்கி மாதிரி கேட்கும், நாலையும் மாத்தி மாத்தி வச்சா மனுஷன் வாசிக்கிற மாதிரி இருக்கும். அடிக்கும் அடிக்கும் நடுவுல சத்தம் முழுசா அடங்க விடுங்க. உடுக்கையில இடுப்புக் கயித்தை அழுத்தி அழுத்தித்தான் சத்தத்தை வளைப்பாங்க, அதனால ஒத்தை அடி பத்தாது, வளைஞ்சு போற சத்தத்தை நீளமாவே எடுங்க. பறையில ரெண்டு குச்சிக்கும் சத்தம் வேற, தனித்தனியா எடுங்க. தீயில காய்ச்சறதுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டும் எடுத்தா இன்னும் நல்லது. தோல் இறுகினதும் சத்தம் எப்படி ஏறுதுன்னு காதால கேட்கலாம். கடைசியா யாரும் பேசாம 30 நொடி வெறும் இடத்தோட சத்தத்தை எடுங்க, இரைச்சல் நீக்கறதுக்கு ஆடாசிட்டி அதைத்தான் கேட்கும்.

வெட்டறது: ஆடாசிட்டியில அடி தொடங்கற இடத்துலேயே வெட்டுங்க. அலை பூஜ்யக் கோட்டைத் தொடற புள்ளியில வெட்டினா "டிக்"ன்னு சத்தம் வராது, அதுக்கு இசட் விசையே இருக்கு. கடைசியில சின்ன ஃபேட் அவுட். மைனஸ் 1 டெசிபெல்லுக்கு நார்மலைஸ் பண்ணும்போது மெதுவான அடியையும் பலமான அடியையும் தனித்தனியா பண்ணாதீங்க, வித்தியாசமே போயிடும். ஃபைல் பேர்ல இடைவெளி விடாம வாத்தியம், அடி, பலம், எண்ணுன்னு வரிசையா வைங்க.

பழகறதுக்கு வீட்டுலேயே ஆரம்பிங்க. எவர்சில்வர் குடம், அம்மிக்கல், இரும்பு கேட், மாவு சலிக்கிற சல்லடை. என்னோட இப்போதைய ஹைஹாட் எங்க அம்மாவோட சல்லடைதான்.

கேட்டுட்டு எடுங்க

இங்க நான் ரெண்டாவது தடவை தப்பு பண்ணினேன். ஆடியில ஊர் அம்மன் கோயில்ல பம்பைக்காரர் வாசிச்சதை ஓரமா நின்னு போன்ல எடுத்தேன். அதுல அடி சட்டுனு வேகம் எடுக்கிற ஒரு இடம், கேட்டாலே மயிர்க்கூச்செறியும். அதை வெட்டி ஒரு பீட்டோட டிராப்ல வச்சேன். பசங்க எல்லாம் பைத்தியம் ஆயிட்டாங்க. பெருமையா அவருக்கே போட்டுக் காட்டினேன்.

ஹெட்ஃபோனை முழுசா கேட்டார். கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "தம்பி, இது சாமியை அழைக்கிற அடி. இதுக்கு ஆடக் கூடாது. கேட்டிருந்தா உனக்கு வேற அடி வாசிச்சுக் கொடுத்திருப்பேனே"ன்னார். கோபப்படல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்தது.

அந்த பீட்டை எடுத்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அவர் வீட்டுக்குப் போய், ஒரு நாள் கச்சேரிக்கு என்ன வாங்குவாரோ அதுல பாதியாவது கொடுக்கறேன்னு சொல்லி உட்கார வச்சேன். மூணு பேர் சேர்ந்து போட்ட காசு. ஒரு மணி நேரத்துல 140 அடி வாசிச்சுக் கொடுத்தார். எது பொது, எது கோயிலுக்கு மட்டும்னு அவரே பிரிச்சுச் சொன்னார். திருட்டுத்தனமா எடுத்த ஒரு லூப்புக்குப் பதிலா, தெளிவான முழு செட் கிடைச்சது.

சட்டமும் இதையேதான் சொல்லுது. வாசிக்கிறவரோட வாசிப்பைப் பதிவு பண்ற உரிமை அவருக்குத்தான். 2012 திருத்தத்துக்கு அப்புறம், தன் பேர் சொல்லப்படணும்னு கேட்கிற உரிமையும், தன் பேர் கெடற மாதிரி சிதைச்சா தடுக்கிற உரிமையும் கலைஞருக்கு இருக்கு. அது சினிமா நட்சத்திரத்துக்கு மட்டும் இல்ல, தெருக்கூத்துக்கு வாசிக்கிறவருக்கும்தான்.

அதனால பதிவு பண்ணப் போறதுக்கு முன்னாடி இந்த நாலையும் அவர்கிட்ட அவர் மொழியில பேசுங்க. எதுக்காக எடுக்கறோம். யார் யார் பயன்படுத்துவாங்க. பேர் எப்படிப் போடணும், இல்ல போட வேண்டாமா. காசு எவ்வளவு. ஃப்ரீசவுண்ட் மாதிரி இடத்துல ஏத்தப் போறீங்கன்னா இன்னொண்ணையும் கண்டிப்பா சொல்லணும்: கிரியேட்டிவ் காமன்ஸ்ல ஒரு தடவை கொடுத்தா, ஏற்கெனவே எடுத்தவங்ககிட்ட இருந்து திரும்ப வாங்க முடியாது. சிசி பை கொடுத்தா அவர் அடியை வச்சு வெளிநாட்டுல ஒருத்தர் காசு பண்ணலாம், ஆனா பேர் போடணும். என்சி கொடுத்தா காசு பண்ண முடியாது. முடிவு அவருடையது. "வேண்டாம் தம்பி"ன்னு சொன்னா, டீ குடிச்சுட்டு வந்துடுங்க.

எங்க பம்பைக்காரர் யோசிச்சுட்டு, "பேர் வந்தா போதும், ஆனா விக்கக் கூடாது"ன்னார். அதனால அந்த 140 அடியும் பை-என்சி. வெட்டி, பேர் வச்சு முடிச்சாச்சு. ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவரைக் கேட்க வைக்கணும், இந்த லீவுல ஊருக்குப் போறப்போ அதுதான் வேலை.

கடைசியா, ஏத்தறதுக்கு முன்னாடி

பீட்ல இருக்கிற ஒவ்வொரு சாம்பிளும் எங்கிருந்து வந்ததுன்னு சொல்ல முடியுதா? லைசென்ஸைப் பக்கத்துல போய் நீங்களே படிச்சீங்களா, இல்ல தலைப்பை நம்பினீங்களா? பேர் போட வேண்டியவங்க பேர் எல்லாம் டிஸ்க்ரிப்ஷன்ல இருக்கா? என்சி இருந்தா, இந்த வீடியோவுல காசு வருதா? ஆள் முன்னாடி பதிவு பண்ணினதுன்னா, அவருக்கு இந்த பீட்டைப் போட்டுக் காட்ட உங்களுக்குத் தைரியம் இருக்கா?

கடைசிக் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா, மத்த நாலும் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.

இதைப் படிக்கிறவங்கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வர்றவங்க இருப்பீங்க, தவில் கேட்டு வளர்ந்திருப்பீங்க. மதுரைப் பக்கம் உருமி, கோயம்புத்தூர்ப் பக்கம் ஜமாப். செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறப்போ கேட்டு, பேர் எழுதி, பத்து அடி பதிவு பண்ணிட்டு வாங்க. எங்க ரூம் நம்பர் ஆசிரியர் குழுகிட்ட இருக்கு, வெட்டறதுக்கு நான் உட்கார்றேன். ஒரு ஃபோல்டர் ஆரம்பிப்போம். அடுத்த வருஷம் டீசர் பண்ற ஜூனியர் "பறை லூப் ஃப்ரீ"ன்னு எங்கயோ தேடிட்டு நிக்க வேண்டாம்.